சீட்டில் விழாத பெயர்

சிங்கப்பூர்
26.01.2025

அன்புள்ள மங்கை,

இங்கே நலம். அண்ணனும் நிலாவும் நலம்தானே? பொங்கலன்று நீ அனுப்பிய குரல் செய்தியை நாலு தடவை கேட்டேன். பதில் போடவில்லை. ஆறேழு மாதமாகவே உனக்கு ஒழுங்காக ஒரு வரி எழுதவில்லை. வேலை அதிகம் என்று சொன்னால் நீ நம்பப் போவதில்லை. உண்மையான காரணத்தைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

நீ கேட்டதற்கு முதலில் வருகிறேன். நிலாவுக்கு அந்தப் பெரிய பள்ளியில் இடம் வாங்க தஞ்சாவூருக்கே குடிபோகலாமா, கிழக்கு வயலை விற்றாவது அங்கே ஒரு வீடு பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். வயல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. அதனால்தான் கவினைத் தூங்க வைத்துவிட்டு இன்று உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே பணம் கொடுத்துப் பெரிய பள்ளியில் சேர்க்கிற வழியெல்லாம் கிடையாது. குடிமக்களின் பிள்ளைகள் அரசு அல்லது அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளியில்தான் படிக்க வேண்டும், 2003இலிருந்து அது சட்டம். ஆனாலும் எந்தப் பள்ளி என்பதில் அடிதடிதான். ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை கட்டம் கட்டமாக நடக்கும். அண்ணனோ அக்காவோ படிக்கிற பள்ளி என்றால் முதல் கட்டத்திலேயே இடம் உறுதி. அப்பா அம்மா படித்த பள்ளி என்றால் அடுத்த கட்டம். ஒரத்தநாட்டிலிருந்து வந்த எங்களுக்கு இங்கே ஏது பழைய பள்ளி? எங்களைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது 2பி, 2சி என்று இரண்டு கட்டம். 2பிக்கு, அதற்கு முந்தைய வருடமே அந்தப் பள்ளியில் பெயர் கொடுத்து 40 மணி நேரம் தொண்டூழியம், அதாவது சம்பளமில்லாத வேலை, செய்திருக்க வேண்டும். இரண்டிலுமே விண்ணப்பம் அதிகமானால் பள்ளியிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. அவர்களே அதிகம் என்றால் குலுக்கல்.

அந்த 1 கிலோமீட்டருக்காகத்தான் செங்காங் வீட்டை விற்றோம். நீ காணொளியில் பார்த்து, "காற்றாடப் பெரிய வீடு" என்று சொன்னாயே, அதை. இப்போது இருப்பது பழைய அடுக்குமாடிப் புளோக்கில் சின்ன வீடு. விலை மட்டும் சின்னதில்லை.

தொண்டூழியம் என்றால் எனக்குக் கிடைத்தது வாசல் வேலை. காலை 6.50க்கு ஆரஞ்சு நிற மேலங்கி மாட்டிக்கொண்டு நிற்பேன். கார் வந்து நின்றதும் கதவைத் திறந்து பிள்ளையை இறக்கிவிட வேண்டும். ஒரு நாள் கதவைத் திறந்தேன். எட்டு வயது இருக்கும், ஒரு பெண் பிள்ளை. மடியில் சொல்வதெழுதுதல் தாள், கையில் பாதி கடித்த ரொட்டி. முன்னால் இருந்த அம்மா ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திறந்தது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் அவள் நிமிர்ந்தாள், இறங்கி ரொட்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். அந்த ரொட்டியை எங்கே போடுவது என்று தெரியாமல் மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டே மீதி நேரம் நின்றேன். அன்றைக்கே எனக்குள் ஏதோ உறுத்தியது. ஆனால் அப்போது 22 மணி நேரம் முடித்திருந்தேன், பின்வாங்க மனம் வரவில்லை.

ஜூலையில் 2பி. 20 இடம், கிட்டத்தட்ட இரண்டு மடங்குப் பெயர்கள். இப்போது எல்லாம் கணினிக் குலுக்கல்தான், கைபேசியில் முடிவு வந்துவிடும். கவின் பெயர் விழவில்லை. அடுத்து 2சியிலும் விழவில்லை. கவின் அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் வேறொரு பள்ளியில், இடம் மிச்சமிருந்த பள்ளியில், கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்து 12 நிமிடம். யாரும் ஓடிப் போய்ச் சேர்க்காத பள்ளி.

சரி, உன் கேள்வி. அந்தப் பள்ளி கிடைக்காததால் என்ன போயிற்று? இதை மாதக்கணக்காக யோசித்திருக்கிறேன். இங்கே எல்லாப் பள்ளிக்கும் ஒரே பாடத்திட்டம். ஆசிரியர்கள் எல்லோரும் தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்றவர்கள். பள்ளி முதல்வர்களையே சில வருடங்களுக்கு ஒருமுறை கல்வி அமைச்சு இடம் மாற்றுகிறது. ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் எங்கேயும் ஒரு வகுப்புக்கு 30 பிள்ளைகள் கணக்கு, 2019இலிருந்து அந்த இரண்டு வகுப்புக்கும் தேர்வே கிடையாது. அப்புறம் பேர் பெற்ற பள்ளி எதில் உசத்தி? வாசலில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: வருகிற பிள்ளைகளின் வீடுகளில்தான். அந்த வீடுகளில் புத்தகமும் துணைப்பாட வகுப்பும் (டியூஷன்) ஏற்கெனவே இருக்கின்றன. அவர்கள் எடுக்கிற மதிப்பெண்ணைப் பள்ளியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

நீ ஆதாரம் கேட்பாய். சிகாகோவில் அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு இதே மாதிரி குலுக்கல் உண்டு. கேட்ட பள்ளி குலுக்கலில் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் பொருளாதார ஆய்வாளர்கள் மூன்று பேர் ஒப்பிட்டுப் பார்த்து 2006இல் எழுதினார்கள். மதிப்பெண்ணில் கிடைத்தவர்களுக்கு ஆதாயம் ஏதும் தெரியவில்லை. ஆனால் ஒழுங்கு நடவடிக்கை, போலீஸ் தொல்லை மாதிரி விஷயங்களில் அவர்கள் குறைவாக மாட்டியிருக்கிறார்கள். ஆகவே பள்ளியால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சேர்க்கை முக்கியம்தான், அதாவது கூடப் பழகுகிற சேர்க்கை. இவரும் ஒன்று சொல்வார்: இங்கே சில தொடக்கப்பள்ளிகளுக்கு இணைப்பு உயர்நிலைப்பள்ளி உண்டு, அதில் படிக்கிற பிள்ளை கொஞ்சம் குறைந்த மதிப்பெண்ணிலும் மேலே போகலாம். அது உண்மையான சலுகை. 2019 சேர்க்கையிலிருந்து 20 விழுக்காடு இடத்தை மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார்கள் என்றாலும், மீதி 80 இருக்கிறதே என்பார். அந்த வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் நம் இரண்டு பேரையே எடுத்துக்கொள். ஆறாம் வகுப்பில் உன் அப்பா உன்னைக் கும்பகோணத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார், நான் ஊர்ப் பள்ளியில் குஞ்சிதம் டீச்சரிடமே கிடந்தேன். பிளஸ் டூவில் நீ என்னைவிட 11 மதிப்பெண் கூட, இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாய்! ஆங்கிலத்தில் பேசும் தைரியம் உனக்கு அங்கே வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் கல்லூரியில் ஒரே பெஞ்சில்தானே வந்து உட்கார்ந்தோம்? பேருந்தில் நின்றுகொண்டே தூங்கிய ஏழு வருடத்தைப் பற்றி விடுதி மாடியில் நீ அழுதது எனக்கு மறக்கவில்லை. நிலாவுக்கும் அதையா?

கவின் இந்த மாதம் 2ஆம் தேதி பள்ளிக்குப் போனான். முதல் நாள் இடைவேளையில் பெற்றோரைக் கேன்டீன் ஓரமாக நின்று பார்க்கவிட்டார்கள். நாலாம் வகுப்பு மலாய்ப் பையன் ஒருவனை இவனுக்குத் துணையாகப் போட்டிருந்தார்கள். கவின் மீ (நூடுல்ஸ்) வாங்க வரிசையில் நின்றான். பையிலிருந்து சில்லறையை எல்லாம் உள்ளங்கையில் கொட்டி அந்த அண்ணனிடம் நீட்டினான். அவன் எடுத்துக்கொள்ளவில்லை. குனிந்து, ஒவ்வொரு காசாகத் தொட்டுக் காட்டி, இவனையே எண்ண வைத்தான். பின்னால் வரிசை நீண்டது, கடைக்கார அக்கா ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தார். 1 வெள்ளி (டாலர்) 50 காசு எண்ணி முடித்துவிட்டு இவன் திரும்பி என்னைத் தேடினான், பார். தூணுக்குப் பின்னால் நின்று அழுதுவிட்டேன்.

தமிழ் வகுப்பில் மொத்தம் ஒன்பது பேர். ஆசிரியைக்கு அதற்குள் கவினுடைய ஆச்சி பெயர் வரைக்கும் தெரியும். பேர் பெற்ற சில பள்ளிகளில் தாய்மொழியாகச் சீனம் மட்டும்தான், தமிழே கிடையாது. எங்களுக்கு மிகப் பக்கத்தில் இருப்பதும் அப்படி ஒன்று. "அதில் போட்டால் என்ன" என்றுகூட ஒரு ராத்திரி நாங்கள் பேசினோம் மங்கை. இப்போது நினைத்தால் நடுங்குகிறது.

இனி அந்தக் காரணம். போன ஜூனில் அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. நீதான் விடுப்புப் போட்டுக் கூட்டிக்கொண்டு போனாய், சொட்டு மருந்து விட்டாய், இரண்டு ராத்திரி தங்கினாய். எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். விடுமுறை இருந்தது. ஜூன் 30க்குள் முடிக்க வேண்டிய 40 மணி நேரத்தில் 6 மணி நேரம் பாக்கி இருந்தது. அதற்காகத்தான் வரவில்லை. கட்டுப் போட்ட கண்ணோடு அம்மா வாசல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார் என்று நீ சாதாரணமாகச் சொன்னாய். குலுக்கலில் பெயர் விழுந்திருந்தால் அந்தப் பொய்யை மறந்தே போயிருப்பேனோ என்னவோ. உன்னிடம் பேச முடியாமல் போனது இதனால்தான்.

வயலை விற்காதே. அண்ணன் கோபப்பட்டால் நான் பேசுகிறேன். ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் நீயே போய், ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, மாடியில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுது. அது சரியில்லை என்றால் அப்புறம் தஞ்சாவூரைப் பற்றிப் பேசலாம்.

மார்ச்சில் பள்ளி ஒரு வாரம் விடுமுறை. கவினோடு வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. நிலாவுக்கு என்ன அளவு செருப்பு என்று சொல். ஜூன் விஷயத்தை அம்மாவிடம் நீ சொல்லாதே, நேரில் வந்து நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்
வாசுகி