வண்டியை நகர்த்தியவர் யார் என்று படம் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மகளின் பள்ளிச் சீருடைக்குத் துணி எடுக்கக் கடைவீதிக்குச் சென்றிருந்தேன். இருசக்கர வாகனங்களுக்கென்று வெள்ளைக்கோடு போட்டிருந்த இடத்துக்குள் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹேண்டில் லாக்கும் போட்டுவிட்டுத்தான் கடைக்குள் போனேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அது கோட்டைத் தாண்டி ஏழெட்டு அடி தள்ளி, 'நோ பார்க்கிங்' பலகைக்கு நேர் கீழே நின்றது. நான் விட்டுச் சென்ற இடத்தில் வேறொரு பைக் நின்றது. தம் வண்டியை எடுக்க வழியில்லாத யாரோ இரண்டு பேர் தூக்கி வைத்துவிட்டுப் போனதாகக் கடைக் காவலாளி சொன்னார். அன்றிரவே என் கைப்பேசிக்கு 500 ரூபாய் அபராதத்துக்கான இ-சலான் வந்து சேர்ந்தது.

ஹேண்டில் லாக் போட்ட வண்டியை எப்படி நகர்த்த முடியும் என்று கேட்பவர்கள் பண்டிகைக் காலத்துக் கடைவீதியைப் பார்த்ததில்லை என்றே நினைக்கிறேன். நூறு கிலோவைச் சற்றே தாண்டும் ஸ்கூட்டரைப் பின்புறக் கம்பியைப் பிடித்துத் தூக்கி, முன்சக்கரத்தை அச்சாக வைத்து ஒரு பக்கமாகத் திருப்பித் தள்ளுவதற்கு இரண்டு பேர் போதும். பழகியவருக்கு ஒரே ஆள்கூடப் போதும்.

சலானில் இணைத்திருந்த படத்தில் என் வண்டியின் பின்புற எண் பலகையும் 'நோ பார்க்கிங்' பலகையின் கம்பமும் தெளிவாகத் தெரிகின்றன. படம் பொய் சொல்லவில்லை. ஆனால், அந்த நிமிடத்தில் வண்டி எங்கே நின்றது என்பதற்கு மட்டுமே அது சான்று. அங்கே அதைக் கொண்டுபோய் வைத்தவர் யார் என்பதற்குச் சான்று அல்ல. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், எங்கெங்கே வாகனத்தை நிறுத்தக் கூடாது என்ற கடமையை ஓட்டுநர் மீதுதான் சுமத்துகின்றன. அந்தக் கடமையைச் சரியாகச் செய்துவிட்டுப் போனவரையும் செய்யாதவரையும் ஒற்றைப் படத்தை வைத்துப் பிரித்தறிய இயலாது.

இதில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. நிறுத்தி வைத்திருக்கும் பிறருடைய மோட்டார் வாகனத்தைச் சட்டப்படியான அதிகாரமோ நியாயமான காரணமோ இன்றி நகர்த்துவதே 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஆம் பிரிவின்படி குற்றம். நூறு ரூபாயாக இருந்த அதன் அபராதத்தை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆயிரம் ரூபாயாக உயர்த்தியது. அதாவது, நகர்த்தியவருக்குரிய தண்டனை, நிறுத்தியவருக்குரியதைப் போல இரு மடங்கு. ஆனால், இந்தப் பிரிவின் கீழ் யாருக்கேனும் அபராதம் விதித்ததாக என் காதுக்கு எட்டியதில்லை.

ஐந்நூறு ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போகலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள உயர்த்தப்பட்ட அபராதத்தின்படி, முதல் முறைக்கு 500 ரூபாய், அடுத்தடுத்த முறைகளுக்கு 1,500 ரூபாய். மறுக்காமல் கட்டினால் அது முதல் குற்றமாகப் பதிவில் நிற்கும். மறுபடியும் யாரோ என் வண்டியை நகர்த்தினால் நான் மூன்று மடங்கு கட்ட வேண்டியிருக்கும். போக்குவரத்து அபராத வழக்குகளை இணையவழியில் கையாளும் மெய்நிகர் நீதிமன்றத்தின் இணையதளத்தில் அபராதத்தை ஏற்காமல் வழக்காட விருப்பம் தெரிவிக்கும் வசதி இருப்பது உண்மையே. அதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கு உரிய நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். ஆனால், தினக்கூலிக்குச் செல்பவர் ஐந்நூறு ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை இழந்து நீதிமன்ற வாசலில் நிற்பாரா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, வழக்கு நீதிமன்றத்துக்குச் செல்லும் முன்பே, வண்டி பிறரால் நகர்த்தப்பட்டது என்ற காரணத்தைக் குறிப்பிட்டு, நிறுத்தியபோது எடுத்த படத்தையோ கண்காணிப்புக் கேமரா பதிவையோ இணைத்து முறையிடவும், அதைக் காவல் அதிகாரி ஒருவர் குறிப்பிட்ட நாள்களுக்குள் பரிசீலித்து எழுத்து மூலம் பதில் தரவும் வழி செய்ய வேண்டும். சலானுக்காகப் படம் எடுக்கும் காவலர், எண் பலகையை மட்டும் எடுக்காமல் சுற்றுப்புறம் முழுவதும் தெரியும்படி இன்னொரு படமும் எடுத்தால், வரிசையிலிருந்து இழுத்துவரப்பட்ட வண்டி பெரும்பாலும் தானே தெரிந்துவிடும். சலானைத் தாமதமின்றி அனுப்புவதும் முக்கியம். கடைகளின் கேமராக்களில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடுவதால், இரண்டு வாரம் கழித்து வரும் சலானுக்கு எதிராகக் காட்டப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை.

மறுநாள் காலையிலேயே சென்று கேட்டதால், அந்தக் கடைக்காரர் பதிவை என் கைப்பேசிக்கு மாற்றிக் கொடுத்தார். முகம் தெரியாவிட்டாலும் இரண்டு பேர் என் வண்டியைத் தூக்குவது அதில் தெரிகிறது. அதை இணைத்து இணையவழிப் புகார் அளித்து மூன்று வாரங்களாகின்றன, பதில் வரவில்லை. அபராதத்தை நான் இன்னும் கட்டவில்லை. விசாரணைக்கு அழைத்தால் அந்தப் பதிவுடன் நேரில் செல்வேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை.