கலைப்பீடத்தைக் குறைப்பதற்கு முன்

ஆசிரியருக்கு,

கலைப்பீடங்களுக்கான அனுமதியைப் பாதியாகக் குறைத்து, மிஞ்சும் பணத்தைத் தொழில்நுட்பக் கற்கைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று சென்ற வார இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் அமர்ந்திருந்த வேலையற்ற பட்டதாரிகளை அதற்குச் சாட்சியாகக் காட்டியிருந்தார். அங்கே அமர்ந்திருந்தவர்களில் என்னிடம் உயர்தர வகுப்பில் வரலாறு படித்தவர்களும் இருந்தார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவர்களில் பலர் கலைப்பிரிவை விரும்பி எடுத்தவர்கள் அல்லர். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் நான் கற்பித்த பாடசாலையில் உயர்தரத்துக்கு இருந்ததே அந்த ஒரு பிரிவுதான். ஆய்வுகூடம் இல்லை, இரசாயனவியலுக்கு ஆசிரியர் இல்லை, வாவியைக் கடந்து நகரத்தில் தங்கிப் படிக்க வீட்டில் வசதி இல்லை. கெட்டிக்காரப் பிள்ளையும் தமிழ், இந்து நாகரிகம், வரலாறு என்றுதான் எடுத்தது. "ஆர்ட்ஸ்தானே" என்று பிறகு அதனிடம் இளக்காரமாகக் கேட்பதில் நியாயம் இல்லை.

கலைப்பீடத்தில் குறையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. முந்தைய ஆண்டு மாணவரின் குறிப்புகளைப் பிரதியெடுத்து, மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டிவிட்டு வரும் படிப்புக்கு ஒரு பீடமும் கட்டடமும் தேவையில்லை. ஆனால் இதே பாடங்கள் இதே நாட்டில் வேறு மாதிரியும் கற்பிக்கப்பட்டிருக்கின்றன.

1960களில் பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்ன செய்தார்? மட்டக்களப்பின் கூத்து ஆசானான அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு வரவழைத்து, மாணவர்களுக்குத் தாளக்கட்டும் ஆட்டமும் பழக்குவித்தார். ஊரின் வட்டமான திறந்த களத்தில் ஆடும், படித்தவர்கள் எட்டியும் பாராத வட்டக்களரிக் கூத்து, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடை ஏறியது. விடிய விடிய ஆடுவதைச் சுருக்கியதில் கூத்தின் உயிர் போய்விட்டது என்று குறை சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். ஊர்க் கூத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் சண்டை நடந்தது என்பதே எனக்குப் பெரிய விடயம். இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறையை வளர்த்தார். கூத்துக்குப் பேர்போன வந்தாறுமூலையிலேயே அந்தப் பல்கலைக்கழகம் இருப்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கலையும் தொழில்நுட்பமும் எதிரெதிர்த் துறைகள் என்று வாசகர் நினைக்கிறார் போலும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் அரங்கேறிய அவருடைய 'யாழ்நூல்' பழந்தமிழ் இசையைக் கணிதத்தால் அளந்து பார்த்த நூல்.

இனி நம் காலத்துக்கு வருவோம். கிழக்கின் தொல்லியல் மரபுரிமைகளுக்காக 2020இல் ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. முதலில் அறிவித்த உறுப்பினர் பட்டியலில் தமிழரும் இல்லை, முஸ்லிமும் இல்லை. நாம் கண்டன அறிக்கை விட்டோம், விடத்தான் வேண்டும். ஆனால் ஒரு கல்லில் எழுதியிருப்பது என்ன, எந்த நூற்றாண்டு எழுத்து என்ற கேள்வி எழும்போது அறிக்கை உதவாது. பேராசிரியர் சி. பத்மநாதன் 'இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்' என்ற நூலில் செய்து காட்டிய வேலை அது. அதைத் தொடரப் பிராமி எழுத்தும், பாளியும், சிங்களமும் தெரிந்த தமிழ் இளைஞர்கள் நமக்கு வேண்டும். வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்ற என் மாணவர் ஒருவர், படித்த காலத்தில் ஒரு கல்வெட்டையும் படியெடுத்துப் பழகியதில்லை என்றார். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. பட்டதாரிக்கு வேலை இல்லை என்று அழுகிறோம். வேலைக்கு ஆள் இல்லாமல் கல் வெயிலில் கிடக்கிறது.

கல்லை விடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரையும், அம்மனைக் குளிர்விக்கப் பாடும் குளிர்த்தியும் பாடுகிறார்களே, அந்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் எந்தெந்த வீட்டில், என்ன நிலையில் இருக்கின்றன? ஒவ்வொரு கலைப்பீட மாணவரும் தன் ஊரில் இப்படி ஒன்றைத் தேடி, பதிவு செய்து, அதன்மேல் ஆய்வேடு எழுதினால்தான் பட்டம் என்று வைத்தால் என்ன? நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவருகிறது. சேர்க்க வேண்டியவை இன்னும் மலைபோல் இருக்கின்றன.

இதனால் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடாது. அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று நியமனம் கொடுத்து, மேசையும் வேலையும் கொடுக்காமல் கதிரையில் இருத்தி வைப்பதைவிட இது மேல் என்பதுதான் என் கணிப்பு.

அனுமதியைக் குறைக்கும் திட்டத்தை வாசகர் மீண்டும் எழுதுவாரானால், படுவான்கரைப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர்கள் எந்த ஆண்டில் வந்து சேர்வார்கள் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மட்டக்களப்பு மாவட்டம்