கணையம் உறுப்பு, அதுல இருக்கிற செல் மட்டும் மருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

சர்க்கரை நோய் பத்தி உங்க பேப்பர்ல வர்ற கட்டுரைகள விடாம படிக்கிறேன், அதுல இன்னும் பேசாத ஒரு விஷயத்த எழுதுறேன். என் தம்பி அமெரிக்காவுல இருக்கான், சின்ன வயசுலேர்ந்தே டைப் 1 சர்க்கரை நோய், அதாவது உடம்பு தானா இன்சுலின் சுரக்காத வகை. முன்னாடியெல்லாம் சுகர் இறங்குனா வேர்க்கும், கை நடுங்கும், இப்ப அதுவும் கிடையாது, நடுராத்திரி சென்சார் அலறுனா அவன் பொண்டாட்டிதான் உலுக்கி எழுப்பி ஜூஸ் குடிக்க வைக்கணும்.

இவன மாதிரி ஆளுங்களுக்குத்தான் ஐலெட் மாற்று சிகிச்சை. இறந்தவங்க தானமா குடுத்த கணையத்துலேர்ந்து இன்சுலின் சுரக்கிற செல் கூட்டத்த, அதுக்குப் பேருதான் ஐலெட், அத மட்டும் பிரிச்சு கல்லீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல ஏத்துறாங்க, வயித்த பெருசா கிழிக்க வேண்டியதில்ல. கனடாவுல எட்மன்டன் டாக்டருங்க 2000லயே 7 பேருக்கு இத செஞ்சு இன்சுலின் ஊசிய நிறுத்திக் காட்டுனாங்க. பிரிட்டன்ல 2008லேர்ந்து அரசு செலவுலயே செய்றாங்க.

அமெரிக்காவுல என்னடான்னா முழு கணையத்த வச்சா அது உறுப்பு மாற்று, கிட்னிக்கு உள்ள அதே சட்டம், அதே கணையத்துலேர்ந்து ஐலெட்ட பிரிச்சு குடுத்தா அது மருந்து, அங்க மருந்துக்கு அனுமதி குடுக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏவோட லைசென்ஸ் வேணும். அதனால இத்தன வருஷமா ஏதாவது ஆய்வுல இடம் கிடைச்சாத்தான் சிகிச்சை. சிகாகோ கம்பெனி செல்ட்ரான்ஸோட லான்டிட்ராங்கிற ஐலெட் சிகிச்சைக்கு 2023 ஜூன்லதான் முதல் அனுமதியே வந்துச்சு. அந்த அனுமதிக்காக நடந்த ஆய்வுல 30 பேர்ல 21 பேர் ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ இன்சுலின் இல்லாம இருந்திருக்காங்க, 5 பேருக்கு ஒரு நாள் கூட நிறுத்த முடியல. எதிர்ப்பு சக்திய அடக்குற மாத்திரையும் தொடர்ந்து சாப்பிடணும், அதையும் மறைக்கக் கூடாது.

கண்காணிப்பே வேணாம்னு நான் சொல்லல. ஆனா மாத்திரைன்னா ஒரே அளவுல லட்சக்கணக்குல அச்சடிச்ச மாதிரி வரும், தானமா வர்ற கணையம் அப்படியா, குடுத்தவங்க வயசு என்ன, எடை என்ன, ஐஸ்ல எத்தன மணி நேரம் இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் மாறும். அத மருந்து ஃபேக்டரி விதியில அளந்தா எப்படி சரியா வரும்? உறுப்பு மாற்று சட்டத்துக்குள்ள கொண்டு வந்தா ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் யாருக்கு செஞ்சோம், அப்புறம் என்ன ஆச்சுன்னு கணக்கு குடுத்தே ஆகணும், நோயாளிக்கு அதுதான் பாதுகாப்பு.

ஐலெட்டையும் சட்டத்துல உறுப்பா சேக்கச் சொல்லி அமெரிக்க செனட்டர் மைக் லீ மசோதா கொண்டு வந்திருக்கார். அங்க ஓட்டுரிமை இருக்கிற நம்ம ஆளுங்க அவங்கவங்க செனட்டருக்கு இதுக்காக ஒரு கடிதம் போடுங்க, தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
ஒரு வாசகி