வசந்தாவுக்கு, ஒரு அடித் தண்ணீர் பற்றி

நாகமலை புதுக்கோட்டை, மதுரை
மே 20

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் அரை மணி நேரம் நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. மாத்திரையை நீயாக நிறுத்திவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இங்கே கத்திரி வெயில். காலை ஒன்பது மணிக்கே வாசலில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. திருவிழா நல்லபடியாக முடிந்தது. அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட்டார்கள், அழகரும் ஆற்றில் இறங்கினார். நான் கூட்டத்துக்குப் பயந்து வீட்டிலிருந்தே டிவியில் பார்த்தேன். இவர் மட்டும் தல்லாகுளம் வரை போய் எதிர்சேவை பார்த்துவிட்டு வந்தார். தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் இருக்கிறது, தெரியுமா? நாம் படித்த காலத்தில் பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் ஆடிய இடம். நீ வரும்போது ஒரு சாயங்காலம் அந்தப் படியில் உட்காரலாம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சிட்னியில் குளிர் ஆரம்பிக்கிறது, கடைகளில் காற்றடைக்கும் நீச்சல் தொட்டிகளை விலை குறைத்துத் தள்ளுகிறார்கள், டிசம்பர் வெயிலுக்கு இப்போதே ஒன்று வாங்கி வைக்கலாம் என்று உன் மகன் சொல்கிறான். ஆனால் மருமகள் அதற்கும் வேலி போட வேண்டும் என்கிறாள். ஒரு ரப்பர் தொட்டிக்கு வேலியா என்று எழுதியிருந்தாய். வசந்தா, இதில் நான் முழுக்க உன் மருமகள் பக்கம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். போன சித்திரையில் எங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு தொட்டி வந்தது. அதனால் இந்த விஷயத்தை நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

முதலில் உங்கள் ஊர்ச் சட்டம். நியூ சவுத் வேல்ஸில் நீச்சல் குளங்களுக்கென்று 1992-இல் போட்ட சட்டம் இருக்கிறது. முப்பது சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு அடிக்கு மேல், தண்ணீர் பிடிக்கக்கூடிய எதுவும் அந்தக் கணக்கில் நீச்சல் குளம்தான். சிமென்ட்டால் கட்டியதா, காற்றடைத்ததா என்ற பேதம் கிடையாது. இதில் ஒன்றைக் கவனி. நீங்கள் எவ்வளவு நிரப்புகிறீர்கள் என்பது பேச்சே இல்லை, அந்தத் தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்பதுதான் கணக்கு. இரண்டரை அடிச் சுவர் உள்ள தொட்டியை வாங்கி, 'கணுக்கால் அளவுதான் ஊற்றியிருக்கிறேன்' என்று சொன்னால் செல்லாது. வேலி 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறந்து, கையை விட்டதும் தானாக மூடித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும். வேலியை ஒட்டிக் குழந்தை ஏறி நிற்கும்படி நாற்காலி, பூந்தொட்டி, மரக்கிளை எதுவும் இருக்கக் கூடாது. மூச்சு நின்றவருக்கு முதலுதவி செய்யும் முறையைப் படத்தோடு எழுதி, குளத்தருகே மாட்டி வைக்க வேண்டும். குளத்தை அரசாங்கப் பதிவேட்டில் பதியவும் வேண்டும். நீங்கள் இருப்பது வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரைக் கேட்காமல் இதில் எதையும் தொடாதீர்கள்.

இவ்வளவையும் கூட்டினால் வேலிக்கு ஆகும் செலவு தொட்டியின் விலையைப் போலப் பல மடங்கு வரும். 'மலிவாகக் கிடைக்கிறது' என்று உன் மகன் சொல்வது தொட்டியை மட்டும் பார்த்து.

இது கெடுபிடி என்று நீ நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. உன் அப்பத்தா ஊரில், சோழவந்தான் பக்கம், நாம் நீச்சல் பழகிய வட்டக் கிணறு ஞாபகம் இருக்கிறதா? சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவோம். கிணறு நிறையத் தண்ணீர், கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. ஆனால் நாம் இருக்கும் வரை அப்பத்தா மேல்படியில் உட்கார்ந்திருப்பார். புளி கொட்டை எடுப்பார், கீரை ஆய்வார், கண் மட்டும் நம் மேலேயே இருக்கும். ஒரு தலை உள்ளே போய், பத்து எண்ணுவதற்குள் மேலே வரவில்லை என்றால் ஒரு சத்தம் போடுவார் பார். அவர் எழுந்தால் நாமும் எழுந்துவிட வேண்டும், அதுதான் அங்கே சட்டம். இன்று அப்படி உட்கார யாருக்கு நேரம் இருக்கிறது? நம் பிள்ளைகள் வேலைக்கு ஓடுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்தாலும் கையில் போன். பெரியவர்கள் கண்ணை எடுக்கும் அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் அந்த ஊரில் வேலி கேட்கிறார்கள்.

சின்னக் குழந்தை மூழ்கும்போது சத்தமே கேட்காது, வசந்தா. கையைக் காலை அடித்துக் கத்தும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்றரை, இரண்டு வயதில் தலைதான் பாரம். குப்புற விழுந்தால் அதனால் தன்னைத் தூக்கிக்கொள்ள முடியாது. கத்துவதற்கு வாய் வெளியே இருந்தால்தானே? ஓரிரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதற்கு ஒரு அடித் தண்ணீர்கூடத் தேவையில்லை, வாளித் தண்ணீர் போதும். உன் இளைய பேத்திக்கு டிசம்பரில் இரண்டு வயது முடியாது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இங்கே எங்கள் கதையைக் கேள். மாப்பிள்ளை தொட்டியை வாங்கிக்கொண்டு வந்து, மொட்டை மாடியில் வைக்கலாம், காற்று வரும், பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு குளிக்கும் என்றார். நான் பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்தவள், கணக்கைப் போட்டுக் காட்டினேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 300 கிலோ. வீட்டுக் கட்டடங்களின் மாடிக் கூரைக்கு நம் நாட்டு விதித்தொகுப்பு வைத்திருக்கும் பளு, ஆள் நடமாடும் மாடியாக இருந்தாலும், சதுர மீட்டருக்கு 150 கிலோதான். அரை அடித் தண்ணீரிலேயே அது தீர்ந்துவிடும். அதற்கு மேல் பிள்ளைகள் குதிக்கும். போதாததற்கு எங்கள் மாடியில் ஏற்கெனவே தண்ணீர் டேங்க் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை நல்லவர், சொன்னால் கேட்பார். வேப்பமரத்தடிக்கு இறக்கினோம். நம் பக்கம் நிறையப் பேர் மாடியில்தான் வைக்கிறார்கள். எனக்குப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. நீயும் பால்கனி, மரப்பலகைத் தளம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. மண் தரைதான் சரி.

எங்கள் தொட்டி உள்ளளவு ஏழடிக்கு ஐந்தடி. ஒரு அடி நிரப்பினால் ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் பிடிக்கும். நாங்கள் முக்கால் அடிக்கு மேல் விடுவதில்லை. அது 750 லிட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கக் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஐந்து பேர் ஒரு நாள் முழுக்கப் புழங்கும் தண்ணீர் அது. வைகை அணையிலிருந்து வரும் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊரில், குடிதண்ணீரை இதில் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. குடிநீர்க் குழாயில் நேராக மோட்டார் போட்டு இழுப்பது சட்டப்படியும் தப்பு, பிடித்தால் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். 2024 கோடையில் பெங்களூரில் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியமே அறிவித்தது. அங்கே நடந்தது இங்கேயும் நடக்க நாளாகாது. எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. குளிக்க அது போதும்.

அதனால் தினமும் நிரப்புவதில்லை. சனி, ஞாயிறு மட்டும். அதிலும் அன்றைய தண்ணீரை அன்று சாயங்காலமே வடித்துவிடுவோம். ஒரு குழாயைப் போட்டுத் தென்னைக்கும் மல்லிகைக்கும் திருப்பிவிட்டால் ஒரு சொட்டு வீணாகாது. மற்ற நாட்களில் வாளியும் செம்பும்தான். பிள்ளைகள் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், இப்போது வெள்ளிக்கிழமையே ஆவலாகிவிடுகிறார்கள்.

மறுநாளுக்கு வைக்கலாமே என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். நான் கூடாது என்றேன். டெங்கு கொசு சாக்கடையில் முட்டையிடாது, தெளிந்த தண்ணீரில்தான் இடும். ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். சுகாதாரத் துறை ஆட்கள் வீடு வீடாக வந்து டேங்கையும் தொட்டியையும் டார்ச் அடித்துப் பார்ப்பது அதற்குத்தான். இந்தச் சட்டம் நமக்கு நேற்று வந்ததில்லை. 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு உற்பத்தியைத் தடுக்கத் தனிப் பகுதி இருக்கிறது. இன்னொன்று, 2024-இல் கேரளாவில் அமீபா மூளைக்காய்ச்சலில் குழந்தைகள் இறந்த செய்தி உனக்கும் வந்திருக்கும். வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத தண்ணீர் மூக்கு வழியாக ஏறும்போதுதான் அந்தக் கிருமி உள்ளே போகிறது. நம் வெயிலில் முக்கால் அடித் தண்ணீர் மத்தியானத்துக்குள் வெந்நீராகிவிடுகிறதே! அதனால் போர் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடுகிறேன். 750 லிட்டருக்கு ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி. நேராகத் தூவக் கூடாது. ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் கழித்துப் பிள்ளைகளை விடுகிறேன். கால் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும், எண்ணெய் தேய்த்த உடம்போடு இறங்கவே கூடாது. பவுடரைக் கழிவறை ஆசிட் பக்கத்தில் வைக்காதே. இரண்டும் கலந்தால் நச்சு வாயு.

வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். உள்ளே தரையிலும் காற்று நிரம்புகிற வகை குழந்தைகளுக்கு மெத்தென்று இருக்கும், ஆனால் ஒரு முள் போதும். எங்கள் இடத்தில் நெருஞ்சியும் கருவேல முள்ளும் இருப்பதால் தரையைப் பெருக்கி, பழைய சாக்கு விரித்து, மேலே தார்ப்பாய் போட்டுத்தான் வைக்கிறோம். காலையில் விறைப்பாகக் காற்றடைத்தால் மத்தியான வெயிலில் காற்று விரிந்து ஒட்டு விட்டுவிடும், கொஞ்சம் தொய்வாகவே விட வேண்டும். முதலில் நாலு குடம் தண்ணீர் ஊற்றி, அடிப்பக்கச் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டு, அப்புறம் நிரப்பு. காற்றடிக்கும் மோட்டாரைத் தண்ணீர் விடுவதற்கு முன்பே கழற்றி உள்ளே வைத்துவிடு. ஈரத் தரையில் ஒயர் கிடக்கவே கூடாது.

இப்போது உன் மகனுக்கு நான் சொல்வது இதுதான். பெரிய வட்டத் தொட்டி வேண்டாம். பத்தடி விட்டம், இரண்டரை அடி உயரம் என்று விற்பதெல்லாம் ஏறக்குறைய 3,800 லிட்டர் பிடிக்கும். வடிகட்டி மோட்டார், ரசாயனம், வேலி, பதிவு என்று கூடவே எல்லாம் வரும். தண்ணீரை அடிக்கடி மாற்றவும் முடியாது. குழந்தைகளுக்கு அவ்வளவு ஆழம் எதற்கு? சுவரே முப்பது சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கிற சின்னத் தொட்டி வாங்கட்டும். பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தை நம்பாமல், எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கேட்கட்டும். அந்த நாட்டில் இப்படிப்பட்ட தொட்டிகளின் மேலும் பெட்டியின் மேலும் எச்சரிக்கை வாசகம் இருந்தே ஆக வேண்டும், இல்லாத சரக்கைத் தொட வேண்டாம். குளித்து முடித்ததும் கவிழ்த்து, காற்றை எடுத்துவிட்டால் மழைத் தண்ணீரும் தேங்காது. பெரிய பேரனுக்கு ஆழத்தில் நீந்த ஆசை என்றால் அவனை முறையான நீச்சல் வகுப்பில் சேருங்கள். அந்தப் பணம் வீண் போகாது.

அப்படியும் பெரியதுதான் வேண்டும் என்று அவன் நின்றால், வேலி முதலில், தண்ணீர் அப்புறம். உங்கள் ஊர் கவுன்சிலில் ஒரு போன் போட்டுக் கேட்டால் அளவெல்லாம் சொல்லிவிடுவார்கள்.

வேலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீ ஒரு நாற்காலி போட்டுக் கை எட்டும் தூரத்தில் உட்கார். போன் உள்ளே இருக்கட்டும். முழங்கால் வலியோடு சட்டென்று எழ முடியாது என்றால் எழ முடிகிற ஆள் ஒருவர் கூட இருக்கட்டும், இல்லையென்றால் அன்றைக்குத் தொட்டி வேண்டாம். இங்கே வேலி எங்கே என்று கேட்டு யாரும் வருவதில்லை. ஆனாலும் நாங்கள் முக்கால் அடியைத் தாண்டுவதில்லை. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும் வரை நானோ இவரோ அந்த மரத்தடியை விட்டு எழுவதில்லை. முதலுதவி முறையை உன் மருமகள் கற்றிருக்கிறாளா? நானும் இவரும் மாப்பிள்ளையிடம் கேட்டுக் கற்றுக்கொண்டோம். வயதாகிவிட்டது என்று நீ ஒதுங்காதே.

என் பெரிய மகளுக்கு மதுரையிலேயே மாற்றல் கிடைக்கும் போலிருக்கிறது. ஜூனில் உறுதியாகிவிடும். உன் அப்பத்தா ஊர்ப் பக்கம் போன மாதம் போயிருந்தேன். கிணறு வறண்டு, உள்ளே செடி முளைத்திருக்கிறது. பெரியாறு கால்வாயில் தண்ணீர் விட்டால் ஊறும் என்று உன் சித்தப்பா மகன் சொன்னார். சுற்றிக் கம்பி வலை போடப் போவதாகவும் சொன்னார். சீக்கிரம் போடச் சொல்லி நீயும் ஒரு வார்த்தை சொல். தெருப் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள்.

தை மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய், டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். மகன் எந்தத் தொட்டி வாங்கினான், கவுன்சிலில் என்ன சொன்னார்கள் என்பதையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
தனம்