கணிதத்துக்குக் கொடுத்த இரண்டு பாடவேளைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்

அன்புள்ள தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுத்த கல்வியாண்டுக்கான கால அட்டவணையின் வரைவைப் பார்த்தேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதத்தில் வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் கூடியிருக்கின்றன. ஒன்று ஓவியத்திலிருந்து எடுத்தது, இன்னொன்று வரலாற்றிலிருந்து எடுத்தது. கணித ஆசிரியர் என்ற முறையில் நான் உங்களுக்கு நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அந்த இரண்டும் எங்களுக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் இதே முடிவை எடுக்கும் நிலையில் எத்தனையோ பள்ளிகள் இருக்கின்றன, அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் நோக்கத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு நேரம் வேண்டும் என்று நினைத்தீர்கள், பெற்றோர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். என் கவலை வேறு. ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது பாடங்களில் பாதியை மறந்திருப்பான். அது எல்லா ஆசிரியர்களுக்கும் தெரிந்ததுதான். மறக்காமல் தங்கவேண்டியது ஒரு கேள்வி: "இது உண்மை என்று உனக்கு எப்படித் தெரியும்?" இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு விதமாகப் பதில் தேடப் பழக்குகிறது. எங்கள் விதம் மட்டும் அவனுக்குப் போதாது.

எங்கள் விதத்தை முதலில் சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற கணித மேதை 3, 5, 17, 257, 65537 என்று போகும் ஒரு வரிசையைப் பார்த்தார். இரண்டின் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றோடும் 1 கூட்டினால் வரும் எண்கள் இவை. ஐந்துமே பகா எண்கள். இனி வருவதும் எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். அடுத்த எண் 4294967297. அது 641ஆல் வகுபடும் என்று 1732இல் ஆய்லர் காட்டிவிட்டார். ஐந்து முறை சரியாக வந்தது எதையும் நிரூபிக்காது என்று நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு பாடத்துக்காகவே கணிதத் துறை ஒரு பள்ளியில் இருக்கலாம்.

ஆனால் அதே அளவுகோலை வைத்துக்கொண்டு வெளியே போனால் எதையுமே முடிவு செய்ய முடியாது. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோய் கண்ட பன்னிரண்டு மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்டவர்களே வேகமாகத் தேறினார்கள். பன்னிரண்டு பேரை வைத்து நான் ஒரு தேற்றத்தை நிறுவ முடியாது. அவரோ ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்கும் நேர்மையான சோதனை ஒன்றைத் தொடங்கிவைத்தார். நீங்கள் இயற்பியல் துறையிலிருந்து வந்தவர், ஆய்வகத்தின் அருமையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, கடந்த காலத்தை எந்த ஆய்வகத்தில் வைப்பது? நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், ரோமையும் பேரரசின் மேற்குப் பகுதியையும் போப்பாண்டவருக்கு எழுதிக்கொடுத்ததாக ஒரு சாசனம் இருந்தது. பல நூற்றாண்டுகள் அதை மேற்கோள் காட்டி உரிமை கொண்டாடினார்கள். 1440இல் லொரென்சோ வல்லா என்ற அறிஞர் அதை வரிவரியாகப் படித்தார். அதில் இருந்த லத்தீன் அந்தக் காலத்து லத்தீன் இல்லை. அன்றைய ரோமில் வழங்காத பதவிப் பெயர்களெல்லாம் அதில் இருந்தன. சாசனம் போலி என்று அவர் நிறுவினார். பிற்காலத்தில் எழுதப்பட்டது என்பதை இன்று எல்லா வரலாற்றாசிரியர்களும் ஏற்கிறார்கள். மொழி அறிவும் வரலாற்றுக் கேள்வியும் சேர்ந்து செய்த வேலை அது. என்னைப் போன்ற நூறு பேர் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டாலும் அது வெளிவந்திருக்காது.

நம் பிள்ளைகளின் கைபேசிக்கு ஒவ்வொரு நாளும் இப்படிப்பட்ட சாசனங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. இதை எழுதியது யார், எப்போது, யாருக்காக, அதே காலத்து வேறு ஆவணம் என்ன சொல்கிறது என்று கேட்கப் பழக்கும் பாடவேளையைத்தான் நீங்கள் எடுத்து எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதில் நான் இருபடிச் சமன்பாடு நடத்துவேன். நன்றாகவே நடத்துவேன். ஆனாலும் அந்தப் பிள்ளைக்கு அது ஈடாகாது.

ஓவியத்தைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை ஓய்வுக்கான நேரமாகவே பலரும் நினைக்கிறார்கள். 1609இல் இரண்டு பேர் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்தார்கள். முதலில் பார்த்தவர் தாமஸ் ஹாரியட், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த கணித அறிஞர்களில் ஒருவர். ஒளியும் இருளும் சேரும் கோடு கரடுமுரடாக இருப்பதை அவர் வரைந்தார், அது என்னவென்று சொல்லவில்லை. சில மாதம் கழித்துப் பார்த்த கலிலியோ, அந்த ஒழுங்கற்ற கோட்டிலும் இருட்டுப் பக்கத்தில் தனியாக மின்னிய புள்ளிகளிலும் மலைகளையும் அவற்றின் நிழல்களையும் கண்டார். மலைகளின் உயரத்தையும் கணக்கிட்டார். கலிலியோவின் தொலைநோக்கி திறன் கூடியது என்பதும் உண்மைதான். ஆனால் அவர் ஓவியப் பயிற்சி உள்ளவர், ஒரு பொருளின் மேல் ஒளி விழுந்தால் நிழல் எப்படி நீளும் என்று வரைந்து பழகிய கண் அவருடையது என்பதைக் கலை வரலாற்றாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். கலிலியோவின் படங்கள் 1610இல் அச்சாகி வெளிவந்த பிறகு ஹாரியட் வரைந்த நிலவிலும் பள்ளங்கள் வரத் தொடங்கின. பார்ப்பதற்கும் பயிற்சி தேவை. நரம்பு செல்களை வரைந்து வரைந்தே அவற்றின் அமைப்பைப் புரிந்துகொண்டு 1906இல் நோபல் பரிசு பெற்ற ரமோன் இ கஹாலும் சிறு வயதில் ஓவியராக ஆசைப்பட்டவர்தான்.

அப்புறம் விளையாட்டு. அதில் நீங்கள் கைவைக்கவில்லை, நன்றி. வளரும் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிட உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அட்டவணையில் இருக்கும் அந்த நேரம், தேர்வு நெருங்கும்போது ரிவிஷனுக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில பாடங்களை மேலாகவும் சிலவற்றைக் கீழாகவும் பார்க்கும் இந்த ஏற்றத்தாழ்வு புதிதில்லை. 1892இல் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பாடங்களை வகுக்கப் பத்துப் பேர் குழு ஒன்று அமைந்தது. பாடங்களை ஒன்பது பிரிவுகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நிபுணர்களைக் கூட்டினார்கள். கல்லூரிக்குப் போகிறவனுக்கும் போகாதவனுக்கும் ஒரு பாடத்தை ஒரே மாதிரிதான் கற்பிக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த பரிந்துரை அது. ஆனால் அந்த ஒன்பதில் ஓவியம் இல்லை, இசை இல்லை, உடற்கல்வியும் இல்லை.

வாரத்துக்கு ஒரு பாடவேளைதானே என்று நீங்கள் கேட்கலாம். துறை என்பது அதற்குள் இருக்கும் ஆட்களும்தான். நம் மொழித் துறையில் கட்டுரைத் தாள் திருத்துமுன் நான்கைந்து தாள்களை ஒவ்வொருவரும் தனித்தனியாகத் திருத்தி, மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பேசிக்கொள்கிறார்கள். புதிதாக வந்த ஆசிரியர் அந்த ஒரு மணி நேரத்தில் கற்பதை எந்தப் பயிற்சியும் தராது. பாடவேளை குறைந்தால் அடுத்த ஆண்டு ஓவியத்தில் இரண்டு ஆசிரியர்களுக்குப் போதுமான வேலை இருக்காது. ஒருவர் மட்டும் மிஞ்சுவார். "இந்தப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்லித் தருவது" என்று கேட்க அவருக்குப் பக்கத்தில் ஆள் இருக்காது. பேருக்கு ஓவியப் பாடம் இருக்கும், துறை போய்விடும். ஒருமுறை போனதைத் திரும்பக் கட்டியெழுப்புவது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்குத் தெரியும்.

தடுமாறும் பிள்ளைகளை நான் மறக்கவில்லை. அவர்களில் கணிசமானவர்கள் சமன்பாட்டைக் கொடுத்தால் போட்டுவிடுகிறார்கள். வாக்கியக் கணக்கு வந்தால்தான் நிற்கிறார்கள். கேள்வியைக் கடைசி வரை படிப்பதில்லை, எது தெரிந்தது, எதைக் கேட்கிறார்கள் என்று பிரிக்கத் தெரியவில்லை. வாசிப்பில் இருக்கும் சிக்கலுக்கு இன்னும் இரண்டு பாடவேளை கணிதம் நடத்தி என்ன பயன்? அந்தப் பிள்ளைகளுக்கு எங்களோடு மொழித் துறையும் சேர்ந்து உட்கார வேண்டும். இப்போது இருக்கும் கணிதப் பாடவேளைகளிலேயே ஒன்றைச் சிறு குழுக்களாகப் பிரித்து, இரண்டு துறை ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் நின்று நடத்தலாம். அட்டவணையில் இரண்டு துறைக்கும் ஒரே நேரம் கிடைத்தால் போதும்.

அடுத்த துறைத் தலைவர்கள் கூட்டத்தில் இதைப் பேச நேரம் ஒதுக்குங்கள். ஓவிய ஆசிரியர்களையும் அழையுங்கள், அவர்கள் வழக்கமாக அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. மொழித் துறைத் தலைவரிடம் பேசிவிட்டேன். வாக்கியக் கணக்கு வகுப்புகளை எப்படி நடத்தலாம் என்று நாங்கள் இருவரும் ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம், அதையும் கொண்டுவருகிறோம்.

அன்புடன்,
உங்கள் கணிதத் துறை ஆசிரியர்களில் ஒருவர்