மின்விசிறியை நிறுத்திவிட்டு நடந்த கூட்டங்கள்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது வானொலி ஆர்வலர் சங்கம் செய்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் 11 நடந்தன. டிசம்பர்க் கூட்டத்தை மழை கொண்டுபோயிற்று. உறுப்பினர்கள் 46 பேர். சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் தனியே பேசுவார். அந்த வம்பு எனக்கு வேண்டாம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி ஆண்டு முழுவதும் ஒரே பொருளைத்தான் எடுத்துக்கொண்டோம்: தொடாமலே ஆளை உணரும் ரேடியோ கருவிகள், மூளையோடு கணினியை இணைக்கும் கருவிகள். "ரேடியோ சங்கத்துக்கும் மூளைக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று அன்று எழுந்து கேட்ட உறுப்பினர் இன்றும் முன்வரிசையில் இருக்கிறார். அவருக்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் கூட்டத்தைத் தூர்தர்ஷன் காலத்திலிருந்து தொடங்கினோம். மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பியவர்கள் நம்மில் பாதிப் பேர். "தெரியுதா?" என்று மேலிருந்து கத்துவோம். "தெரியுது, அப்படியே நில்லு!" என்று கீழிருந்து பதில் வரும். கையை எடுத்தால் படம் போய்விடும். நம் உடம்பு அலைக்கு இடைஞ்சல் என்று நினைத்தோமே தவிர, அந்த இடைஞ்சலையே அளந்து பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. ரஷ்யாவில் லெவ் டெர்மெனுக்கு 1920 வாக்கிலேயே தோன்றிவிட்டது. ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கையை அசைத்தால் சுருதி மாறும் தெரமின் வாத்தியத்தைச் செய்தவர் அவர். தொடாமல் வாசிக்கும் வாத்தியம்.

அதே டெர்மென் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி ஒன்று, மரத்தில் செதுக்கிய அமெரிக்க முத்திரைக்குள் ஒளிந்து 1945இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகப் போனது. கொடுத்தவர்கள் பள்ளிப் பிள்ளைகள். உள்ளே பேட்டரி கிடையாது, கம்பி கிடையாது. வெளியிலிருந்து அலையை அனுப்பினால், அறையில் பேசும் பேச்சுக்கு ஏற்ப ஒரு மெல்லிய தகடு அதிர்ந்து அந்த அலையை மாற்றித் திருப்பி அனுப்பும். 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜூன் கூட்டம் ஜகதீஷ் சந்திர போஸைப் பற்றியது. 1895இல் கல்கத்தாவில் சுவர்களையும் லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் தாண்டி அலையை அனுப்பி, மறுபக்கம் மணியடிக்கவைத்து, வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டியவர். 60 கிகாஹெர்ட்ஸ் அளவிலான அலைகளை அந்தக் காலத்திலேயே அவர் கையாண்டிருக்கிறார். 2019இல் கூகுள் தன் பிக்சல் 4 போனில் கையசைவைப் பார்க்கும் சின்ன ரேடாரை வைத்ததும் இதே 60 கிகாஹெர்ட்ஸில்தான். அந்த அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததால் அந்தப் போன் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. போஸ் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஆகஸ்டில் செய்து பார்க்கும் கூட்டம். அமெரிக்காவில் எம்ஐடியில் தீனா கதாபி குழுவினர் வைஃபை அலையைக் கொண்டு சுவருக்கு அப்பால் ஆள் நடமாட்டத்தை 2013இலேயே காட்டியிருந்தார்கள். பிறகு மூச்சையும் நாடித்துடிப்பையும் எடுத்தார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎஸ்பி-32 என்ற சின்ன வைஃபை போர்டு இரண்டை மண்டபத்தின் இரு கோடியிலும் வைத்து, ஒன்று அனுப்ப மற்றொன்று வாங்க, வந்து சேர்ந்த அலையின் வரைபடத்தைத் திரையில் போட்டோம். கோடு பைத்தியம் பிடித்தாற்போல் ஆடியது. அரை மணி நேரம் நிரலைக் குடைந்த பிறகுதான் புரிந்தது, மேலே சுற்றும் மின்விசிறிகள்! எல்லாவற்றையும் நிறுத்தினோம். ஆகஸ்ட் மாதம், தகரக் கூரை, 30 பேர். கோடு அடங்கியது. டீ கொண்டுவந்த தம்பி வாசலில் கால் வைத்ததும் துள்ளியது.

பிறகு நம் மூத்த உறுப்பினர் ஒருவரை இரண்டு போர்டுக்கும் நடுவே நாற்காலியில் உட்காரவைத்தோம். வைஃபை அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். மூச்சில் நெஞ்சு அசைவது சில மில்லிமீட்டர். ஆனாலும் கோடு அழகாக ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ஏற்ற இறக்கம் நிதானமானது. "ஐயா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டதும் அவர் திடுக்கிட்டு விழித்து, "இதைக்கூடவா போட்டுக்கொடுக்கும்?" என்றார்.

மறுநாள் மண்டபத்தை ஒட்டிய வீட்டு அம்மா என்னைத் தெருவில் நிறுத்தினார். "தம்பி, அப்போ எங்க வீட்டுக்குள்ள நடக்கிறதும் உங்களுக்குத் தெரியுமா?" இல்லை என்று சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. நாம் வைத்த போர்டு ஒன்று அவர் வீட்டுச் சுவரை ஒட்டித்தான் இருந்தது. அடுத்த செய்முறையிலிருந்து போர்டுகளைத் தெருப்பக்கச் சுவருக்கு மாற்றிவிட்டோம். முன்கூட்டியே அக்கம்பக்கத்தில் சொல்லிவிடுவது என்றும் நிர்வாகக் குழு முடிவெடுத்திருக்கிறது. இதே வித்தைதான் 2015 நேபாள நிலநடுக்கத்தில் இடிபாட்டுக்குள் கிடந்த 4 பேரின் இதயத்துடிப்பைக் காட்டிக்கொடுத்து அவர்கள் உயிரைக் காத்தது. நாசா செய்த ஃபைண்டர் என்னும் ரேடார் அது. அந்த அம்மாவிடம் இதையும் சொன்னேன். அவர் அவ்வளவாக மசியவில்லை.

அக்டோபரிலிருந்து மூளை. முன்வரிசை உறுப்பினர் கவனிக்க வேண்டுகிறேன். ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் இளவயதில் ராணுவப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் பிழைத்தார். அன்றே வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி வந்தது. தூரத்திலிருந்த சகோதரிக்கு மனசு சரியில்லையாம். எண்ணம் கம்பியில்லாமல் போகுமோ என்ற கேள்வி அவரை விடவில்லை. 1924இல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிந்தார்; 1929இல்தான் வெளியிட்டார். தேடிய தந்தி கிடைக்கவில்லை, இஇஜி என்னும் மூளை மின்னலைப் பதிவு கிடைத்தது.

அதையும் செய்து பார்த்தோம். இணையத்தில் வாங்கிய தலைக்கருவி உடைந்து வந்தது, பணம் இன்னும் திரும்பவில்லை. நாமே ஒரு பெருக்கியைச் செய்து, கல்லூரி மாணவி ஒருவரின் பின்தலையில் மின்முனையை வைத்தால், திரை முழுக்க வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கினோம், பாதி குறைந்தது. மீதிக்குக் காரணம் தேங்காய் எண்ணெய். மின்முனை தோலில் பதியவே இல்லை. அடுத்த மாத அழைப்பிதழில் "சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வரவும்" என்று அச்சிட்டது இதனால்தான்; கேலி செய்தவர்கள் இப்போதாவது தெரிந்துகொள்ளட்டும். நவம்பரில் அந்தப் பெண் கண்ணை மூடியதும் நொடிக்குப் பத்து வீதம் அலை எழுந்தது, திறந்ததும் மறைந்தது. பெர்கர் பார்த்த அதே அலை. மண்டபத்தில் ஒருவர் கைதட்டினார், அந்த அதிர்ச்சியில் வரைபடம் போயிற்று.

தலைக்கு மேலிருந்து கேட்பது மண்டபத்துக்கு வெளியே நின்று கச்சேரி கேட்பது போல. உள்ளே போனவர்களின் கதை வேறு. 2004இல் அமெரிக்காவில் கழுத்துக்குக் கீழ் செயலிழந்த மாத்யூ நேகல் என்ற இளைஞரின் மூளையில் 96 மின்முனை கொண்ட சில்லை (சிப்) வைத்தார்கள். நினைப்பாலேயே திரையில் சுட்டியை நகர்த்தி மின்னஞ்சலைத் திறந்தார். மண்டையிலிருந்து கேபிள் தொங்கியது. அந்தக் கேபிளை அறுத்தது நம் சப்ஜெக்ட், ரேடியோ. இந்தச் சில்லுகளை ஆராயும் பிரெய்ன்கேட் குழு 2021இல் வெளியிட்ட கருவி 2 அங்குல அளவு. 200 மின்முனைகளின் செய்தியை நொடிக்கு 48 மெகாபிட் வேகத்தில் அனுப்பியது. பயனாளர் தன் வீட்டுக் கட்டிலிலேயே படுத்துக்கொண்டு பயன்படுத்தினார்.

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டில், மூளையில் சில்லு வைத்த, கை அசையாத 65 வயதுக்காரர் பேனா பிடித்து எழுதுவதாக நினைக்க, நிமிடத்துக்கு 90 எழுத்து திரையில் வந்தது. அந்த ஆய்வை வழிநடத்தியவர்களில் ஒருவரான கிருஷ்ண ஷெனாய் 2023இல் மறைந்தார். நேர்க்கோட்டு அசைவுகளைவிட வளைவும் சுழிவும் உள்ள எழுத்துகளைப் பிரித்தறிவது எளிது என்பது அதில் தெரிந்த விஷயம். இதைச் சொன்னதும் நம் தமிழாசிரியர் அம்மா கரும்பலகைக்கே வந்துவிட்டார். "26 எழுத்துக்கே இப்படி என்றால் 247க்கு?" என்று ஒருவர் கேட்க, "247ஐ ஏன் எண்ணுகிறீர்கள்? கால், கொம்பு, புள்ளி, சுழி என்று எண்ணுங்கள்" என்றார். ஆனால் ன-வுக்கும் ண-வுக்கும் ஒரே ஒரு சுழிதானே வித்தியாசம், அங்கே கருவி தடுமாறாதா என்று அவரே கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் விவாதம். இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் என்று நான் இதைத்தான் சொல்வேன்.

2013இல் ஒருவர் மூளையிலிருந்து எடுத்த சமிக்ஞையை இணையம்வழி அனுப்பி வேறு கட்டடத்தில் இருந்தவரின் விரலை அசைத்துக் காட்டிய ராஜேஷ் ராவ், சிந்துவெளி எழுத்து பற்றிய 2009ஆம் ஆண்டு ஆய்வில் நம் ஐராவதம் மகாதேவனோடு சேர்ந்து எழுதியவர். இந்தச் செய்தியைத் தேடிக் கொணர்ந்த உறுப்பினருக்கு நன்றி. எலான் மஸ்கின் மூளைச் சில்லு நிறுவனமான நியூராலிங்க் பற்றி ஜனவரியில் பேசினோம். உரிமையாளரைப் பற்றியே பேச்சு போய்விட்டதால் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை.

இறுதியாக வரவுசெலவு. வரவு ரூ. 18,400; செலவு ரூ. 16,950. இதில் டீ செலவு கருவிச் செலவை மிஞ்சியிருப்பதைத் தணிக்கையாளர் அடிக்கோடிட்டிருக்கிறார். வரும் ஆண்டுக்கு மண்டபத்தின் கிழக்கு ஜன்னலைத் திறக்கும்படி பழுதுபார்க்க ரூ. 2,000 ஒதுக்கக் கோருகிறேன்.

அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். இன்று கருவி எதுவும் ஓடவில்லை. யாராவது மின்விசிறியைப் போடுங்கள்.

செயலாளர்