விளைநிலக் கோப்பில் கையெழுத்திடும் முன்

உலகெங்கும் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். உங்கள் மேசைக்கு வரும் கோப்பில் விளைநிலம் வெறும் பரப்பளவாகத்தான் இருக்கிறது. இங்கே இத்தனை ஹெக்டேர் போனால் வேறெங்கோ அத்தனை ஹெக்டேர் சேர்த்துக் கணக்கை நேர் செய்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு.

பூமியில் நிலப்பரப்பு சுமார் 1,300 கோடி ஹெக்டேர். பயிர் செய்வதோ ஏறக்குறைய 160 கோடி ஹெக்டேரில்தான். மற்றதில் பெரும்பகுதி பனி, பாலை, மலை, காடு, புல்லைத் தவிர வேறெதுவும் தேறாத மேய்ச்சல் நிலம். 1961இல் தலைக்கு அரை ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவாகப் பயிர்நிலம் இருந்தது. இன்று அது ஐந்தில் ஒரு பங்கு ஹெக்டேர்.

இதில் நல்ல மண் எங்கே இருக்கிறது? அதில் கணிசமான பகுதி நகரங்களை ஒட்டியே. விளைச்சல் கண்ட இடத்தில்தானே மனிதர்கள் குடியேறினார்கள்! 2030க்குள் நகர விரிவாக்கம் உலகப் பயிர்நிலத்தில் சுமார் 2 சதவீதத்தை விழுங்கும் என்று 2017இல் வந்த ஓர் ஆய்வு கணித்தது. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் அந்த நிலம் சராசரி நிலத்தைவிட ஒன்றே முக்கால் மடங்கு விளையக்கூடியது.

நல்ல வயலின் மண்ணை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். பொலபொலவென்று உதிரும். மண்புழு போன துளைகள், நூல் போன்ற வேர்கள், அவற்றின் வழியே இறங்கும் காற்றும் நீரும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேல்மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம். கட்டுமானம் தொடங்கும் நாளில் முதலில் வழித்தெடுப்பது அதைத்தான். மிச்சத்தை இயந்திரம் ஏறி இறுக்கிவிடும். பிறகு கான்கிரீட்டைப் பெயர்த்தாலும் பழைய வயல் திரும்பாது.

சரி, புதிதாகத் திருத்திக்கொள்ளலாமே என்பீர்கள். பயிருக்கு ஏற்றதாக இருந்தும் இன்னும் உழாமல் கிடக்கும் நிலத்தில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும், அதிலும் நிறைய காடுகளுக்கு அடியில். மழைக்காட்டில் சத்து பெரும்பாலும் மரங்களிலேயே இருக்கிறது. வெட்டி எரித்தால் சில போகம் விளையும், அப்புறம் மழை கழுவிக்கொண்டு போய்விடும்.

அதனால் கேட்கிறோம்: பரப்பளவோடு மண்ணின் ஆழத்தையும் வளத்தையும் பாசன வசதியையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். கைவிடப்பட்ட ஆலை வளாகமும் காலி மனையும் இருக்கும்வரை வயலைத் தொட அனுமதிக்காதீர்கள். தவிர்க்கவே முடியாத இடத்தில், மேல்மண்ணைத் தனியே எடுத்து, தேய்ந்துபோன வேறொரு வயலில் பரப்புவதை அனுமதியின் நிபந்தனையாக்குங்கள்.